நத்தைகளோடு எட்டு வாரம்: கோடை ஆய்வுப் பயிற்சி பற்றி

இளங்கலை உயிரியல் இரண்டாம் ஆண்டு முடித்த கையோடு, தீவு உயிரினங்களை டிஎன்ஏ மூலம் ஆராயும் எட்டு வாரப் பயிற்சிக்குப் போய்வந்தேன். விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் கேட்டு வாங்கியது நிலநத்தைகளை. பசிபிக்கின் மோரேயா தீவில் 1977-இல் கொண்டுவந்து விட்ட ஊனுண்ணி நத்தை, பத்தே ஆண்டுகளில் அங்கிருந்த பார்ட்டுலா நத்தைகளைக் காட்டில் இல்லாமல் செய்துவிட்டது. அதைப் படித்ததிலிருந்தே இவற்றின் மேல் ஒரு பரிவு.

களப்பணி இரண்டு வாரம். சருகைச் சலித்து நத்தை பொறுக்கினோம். அவற்றைக் கெடாமல் வைக்கும் எத்தனாலில் (ஆல்கஹால்) பேனா மை கரைந்துவிடும். அடையாளத்தைப் பென்சிலால் எழுதிய துண்டுத்தாளைக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும்.

அப்புறம் ஆய்வகம். நத்தையின் கோழை, டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். என் முதல் பன்னிரண்டு சாம்பிள்களில் மூன்றுக்குத்தான் ஜெல்லில் பட்டை (டிஎன்ஏ பெருகியதற்கான அடையாளம்) தெரிந்தது. வழிகாட்டி டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்க வைக்கச் சொன்னார். கோழையும் சேர்ந்து நீர்த்ததில் இன்னும் ஏழு தேறின. அடுத்த வாரம், டிஎன்ஏ சேர்க்காமல் வெறும் தண்ணீர் விட்ட குழாயிலும் பட்டை! எங்கோ கலப்பு நேர்ந்திருக்கிறது. அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டினோம். குழுக் கூட்டத்தில் நானே அதைச் சொன்னேன், ஒருவர்கூடக் கடிந்துகொள்ளவில்லை. பைப்பெட் முனை மாற்றுவதிலிருந்து எல்லாவற்றையும் என்னோடு உட்கார்ந்து சரிபார்த்தார்கள். இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மதியம்தான்.

குறை ஒன்று உண்டு. டிஎன்ஏ வரிசைகள் கைக்கு வந்தது ஏழாம் வாரத்தில். வரிசைகளை ஒப்பிடவும் மரபுவழி மரம் வரையவும் ஒரே வாரத்தில் ஓட வேண்டியிருந்தது. பழைய தரவை வைத்து முன்பே பழக்கியிருக்கலாம்.

சரி, என்ன கிடைத்தது? நாங்கள் படித்தது, செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 658 டிஎன்ஏ எழுத்துகள். விலங்குகளை இப்படி அடையாளம் காணலாம் என்று 2003-இல் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த பகுதி அது. தீவின் இரு கரைகளில் எடுத்த, ஓட்டில் வித்தியாசமே தெரியாத இரண்டு நத்தைகள் அதில் வெகுவாக வேறுபட்டன. புது இனம் என்று துள்ளினேன். நிலநத்தைகளில் ஒரே இனத்துக்குள்ளேயே இந்த மரபணு நிறைய மாறும் என்றார் வழிகாட்டி. செல்லின் உட்கருவில் உள்ள ஒரு மரபணுவும் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பும் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாதாம்.

என் குழாய்கள் இன்னும் அங்கே உறைபெட்டியில் இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் வந்து அந்த உட்கரு மரபணுவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வரச் சொல்லியிருக்கிறார்கள்.