சாச்சுரேஷனா, வைப்ரன்ஸா, கலர் மிக்ஸரா? அரக்குப் பட்டை வைத்து ஓர் அலசல்

முகூர்த்த நேரத்துப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணப்பெண் அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டில், மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில், பின்னால் சாமந்திச் சரம், ஓரத்தில் வாழை மரம். கேமராவிலிருந்து வந்த ரா ஃபைல் (பதப்படுத்தாத மூலக் கோப்பு) சற்று வெளிறித்தான் இருக்கும். "கலர் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்" என்பார்கள் வீட்டார். தூக்குவதற்கு லைட்ரூம் என்ற ஃபோட்டோ திருத்தும் மென்பொருளில் மூன்று வழிகள் உண்டு: சாச்சுரேஷன், வைப்ரன்ஸ், கலர் மிக்ஸர். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோல இருக்கும். அரக்குச் சேலையில் வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை என்பது புரிந்துவிடும்.

சாச்சுரேஷன், அதாவது நிறத்தின் அடர்த்தி, பாரபட்சம் பார்க்காது. படத்தில் உள்ள எல்லா நிறத்தையும் ஒரே போக்கில் ஏற்றும், இறக்கும். சேலையின் ஒரு புள்ளியில், 0 முதல் 255 வரையான அளவில், சிவப்பு 200, பச்சை 20, நீலம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாச்சுரேஷனை ஏற்றினால் இந்த எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அகலும். பெரியது மேலே போகும், சிறியது கீழே போகும். பச்சை ஏற்கெனவே 20-இல் இருப்பதால் சீக்கிரமே 0-ஐத் தொட்டுவிடும். அதற்குக் கீழே இறங்க இடம் இல்லை. பக்கத்து மடிப்பில் பச்சை 12 இருந்திருக்கும், அதுவும் 0. மடிப்பையும் மேட்டையும் பிரித்துக் காட்டிய அந்தச் சின்ன வேறுபாடு அங்கேயே காணாமல் போகிறது. பட்டின் நெசவும் பளபளப்பும் போய், சுவருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். முகமும் கூடவே செம்மையேறி, காய்ச்சல் வந்தவர்போலத் தெரியும்.

ஆனால் சாச்சுரேஷனை இறக்குவதற்குப் பயன்படுத்திப் பாருங்கள், நல்ல கருவி. டோன் கர்வில் (வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்யும் வளைகோடு) கான்ட்ராஸ்ட் கூட்டும்போது நிறமும் சேர்ந்து ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்படி ஏறியதை −5, −8 என்று இறக்கிச் சமன் செய்ய இதுதான் சரியான இடம்.

வைப்ரன்ஸ் 2007-இல் லைட்ரூமோடு வந்தது. 2008-இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்4-க்கும் வந்தது. வெளிறிய நிறங்களை அதிகமாகவும், ஏற்கெனவே அடர்ந்த நிறங்களைக் குறைவாகவும் ஏற்றுவதும், தோல் நிறத்தை முடிந்தவரை விட்டுவைப்பதும் இதன் குணம். "சாச்சுரேஷனைத் தொடாதே, வைப்ரன்ஸைப் போடு" என்ற அறிவுரை இதனால்தான் எங்கும் சுற்றுகிறது. கடற்கரை, மலை, பள்ளி ஆண்டுவிழா போன்ற படங்களுக்கு நானும் அதையே சொல்வேன்.

கல்யாண மேடையில்தான் அந்த அறிவுரை தடுமாறுகிறது. அரக்குச் சேலை ஏற்கெனவே அடர்ந்த நிறம், வைப்ரன்ஸ் அதை அதிகம் அசைப்பதில்லை. தோலுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு ஆரஞ்சுப் பகுதியில் இருப்பதால், அதே பகுதியில் வரும் சாமந்தியும் சந்தனமும் ஜரிகையும் அந்தப் பாதுகாப்பில் மாட்டிக்கொள்கின்றன. அப்போது எது ஏறும்? மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பில் மேடை விளக்கால் விழுந்திருக்கும் லேசான நீலம் ஏறும். கண்ணுக்கே தெரியாமல் இருந்தது, +40-க்குப் போனால் நீலம் போட்ட வேட்டியாக மாறிவிடும். பின்வரிசையில் கிடக்கும் வெளிறிய நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் எடுப்பாகிவிடும். கேட்டது சேலைக்கு, கிடைத்தது நாற்காலிக்கு.

மூன்றாவது வழியான கலர் மிக்ஸரைப் பழையவர்கள் இன்னும் எச்எஸ்எல் என்றுதான் சொல்கிறார்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, அக்வா, நீலம், பர்ப்பிள், மெஜந்தா என்று எட்டு நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் ஹ்யூ (நிறத்தின் சாயல்), சாச்சுரேஷன், லூமினன்ஸ் (நிறத்தின் வெளிச்சம்) என்று மூன்று ஸ்லைடர்கள். இங்கே நான் முதலில் தொடுவது சாச்சுரேஷனை அல்ல, லூமினன்ஸை. சிவப்பின் லூமினன்ஸை −10, −15 என்று இறக்கினால் அரக்கு ஆழமாகிறது, மடிப்பும் அழிவதில்லை. "தூக்கலா" என்று கேட்பவர்கள் பல நேரம் எதிர்பார்ப்பது இந்த ஆழத்தைத்தான். நிறம் கத்த வேண்டும் என்று அல்ல. அதற்கு மேலும் தேவைப்பட்டால் சிவப்பின் சாச்சுரேஷனில் ஒரு +5 போதும்.

நம் தோல் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சிலும், கொஞ்சம் சிவப்பிலும் கிடக்கும். அதனால் சிவப்பைத் தொட்டால் உதடும் கன்னமும் கொஞ்சம் சேர்ந்தே அசையும். ஸ்லைடரை ஊகித்து இழுப்பதைவிட, மிக்ஸரிலேயே உள்ள சின்ன வட்டக் கருவியை எடுத்து, படத்தில் சேலை மேல் வைத்து மேலும் கீழும் இழுத்தால், எந்தெந்த நிறம் எவ்வளவு என்று அதுவே பிரித்துக்கொள்ளும். லைட்ரூம் கிளாசிக்கில் 2023 அக்டோபரில் வந்த பாயின்ட் கலர் இன்னும் நுணுக்கம்: டிராப்பரால் சேலையில் ஒரு புள்ளியை எடுத்து, ரேஞ்சைச் சுருக்கினால் முகம் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

இதே மிக்ஸரில்தான் ஓர் அக்கிரமமும் நடக்கிறது. ஆரஞ்சின் லூமினன்ஸை ஏற்றி, சாச்சுரேஷனை இறக்கி, மாநிறப் பெண்ணைச் சாம்பல் பூசிய வெளுப்பாக்கிவிடுகிறார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், மஞ்சள் கயிறு வேறு வெளிறிப் போய்விடும். வீட்டார் கேட்டாலும் நான் இதைச் செய்வதில்லை.

ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் யூ அழுத்தினால் வரும் ஹ்யூ/சாச்சுரேஷனும் மிக்ஸரின் உறவுக்காரர்தான், ஆனால் அதில் ஆறு நிறப் பிரிவுகளே உள்ளன, ஆரஞ்சு இல்லை. தோல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் தொங்கும். கீழே உள்ள வண்ணப் பட்டையில் எல்லையைக் கையால் நகர்த்திக்கொள்ளலாம், பொறுமை வேண்டும். அப்புறம், அதில் சாச்சுரேஷனை −100 வைத்துக் கறுப்பு வெள்ளை செய்யாதீர்கள். முழுச் சிவப்பும் முழு நீலமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அரக்குச் சேலையும் அதன் நீல பார்டரும் பிரித்தறிய முடியாமல் போகலாம்.

காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் 2.10 பதிப்பில் வைப்ரன்ஸ் என்று ஒரு ஸ்லைடர் கிடையாது. ஹ்யூ-சாச்சுரேஷன் பெட்டியில் ஓவர்லேப் என்று ஒன்று உண்டு, 0-இல் கிடக்கும். அதை ஏற்றினால் நிறங்களின் எல்லை மென்மையாகும், கன்னத்தில் திட்டு விழுவது குறையும். ரா ஃபைல் என்றால் என் ஓட்டு டார்க்டேபிள் என்ற இன்னொரு இலவச மென்பொருளுக்கு. அதன் கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி என்ற பகுதியில் குரோமா (வெளிச்சம் மாறாமல் நிறத்தை மட்டும் ஏற்றுவது) வேறு, சாச்சுரேஷன் வேறு. அங்கே சாச்சுரேஷனை ஏற்றினால் நிறம் அடர்வதோடு கொஞ்சம் கறுக்கவும் செய்யும். லைட்ரூமில் நாம் லூமினன்ஸை இறக்கிச் சுற்றிவளைத்துச் செய்வதை இது நேராகவே செய்கிறது. கற்றுக்கொள்ளத்தான் நாளாகும்.

எந்த வழியில் போனாலும் பிரின்ட் போடும் லேபுக்கு அனுப்பும் முன் லைட்ரூமின் டெவலப்பில் எஸ் விசையை அழுத்தி சாஃப்ட் ப்ரூஃபிங்கில், அதாவது அச்சு முன்னோட்டத்தில், ஒருமுறை பாருங்கள். ப்ரொஃபைலாக எஸ்ஆர்ஜிபியை (பரவலாகப் பயன்படும் நிற வரம்பு) வைத்து, கேமட் எச்சரிக்கையை இயக்கினால், அதில் அடங்காத இடங்களைச் சேலை மேலேயே அடையாளம் போட்டுக் காட்டும். அங்கே அடையாளம் தெரிந்தால் சாச்சுரேஷன் அதிகம் என்று அர்த்தம்.

போனில் ஸ்னாப்சீட் மட்டும்தான் இருக்கிறது என்றால், ட்யூன் இமேஜில் உள்ள சாச்சுரேஷனை விட்டுவிடுங்கள். அது படம் முழுவதற்கும் பாயும். செலக்டிவ் கருவியை எடுத்துச் சேலை மேல் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விரலால் வட்டத்தை முந்தானை அளவுக்குச் சுருக்கி, பிரைட்னஸை லேசாக இறக்குங்கள். சாச்சுரேஷனுக்கு அதற்குப் பிறகும் அவசியம் இருந்தால் மட்டும் போங்கள். ஒரு விஷயம்: போன் திரை விவிட் மோடில் இருந்தால் எல்லாமே தூக்கலாகத்தான் தெரியும், முதலில் அதை நேச்சுரலுக்கு மாற்றிவிட்டு உட்காருங்கள்.