சிதம்பரத்தில் பதினைந்து வருஷம்: குடியிருந்து பார்த்தவனின் அனுபவம்

2009இல் மனைவிக்கு இங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. எனக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழில், எந்த ஊரானாலும் ஒன்றுதான். இரண்டு வருஷம் இருந்து பார்ப்போம் என்றுதான் வந்தோம். பதினைந்து வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

ரயில் பாதைக்கு மேற்கே நடராசர் கோயில், அதைச் சுற்றி நான்கு தேர் வீதிகள். கிழக்கே அண்ணாமலைநகர்: பல்கலைக்கழகம், விடுதிகள், மருத்துவக் கல்லூரி. அந்தப் பக்கம் நகராட்சி, இந்தப் பக்கம் தனிப் பேரூராட்சி. வெளியூர்க்காரர்களுக்கு எல்லாமே சிதம்பரம்தான். வீடு தேடும்போதுதான் வித்தியாசம் தெரியும். மேற்கே "நீங்க சைவமா?" என்று கேட்டார்கள். கிழக்கே "பேமிலியா, பேச்சிலரா?" என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்ததால் கிழக்கே குடிவந்தோம்.

இந்த ஊருக்கு இரண்டு நாட்காட்டி. ஒன்று செமஸ்டர். மார்ச், ஏப்ரலில் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைய முடியாது. ஒரு ரேஷன் கார்டு நகலுக்காக, நான்கு பேரின் ஆய்வேடு பைண்டிங் ஆகும்வரை முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். மே மாதம் அதே கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். மெஸ்கள் மூடிவிடும். டீக்கடைக்காரர் தான் போட்ட டீயைத் தானே குடித்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று கோயிலுடையது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரே தேரேறி வீதிக்கு வருவார். மற்ற கோயில்களைப் போல உற்சவருக்கென்று இங்கே வேறு நடராசர் இல்லை. அன்று நான்கு வீதியிலும் வண்டி ஓடாது, கரண்டும் இருக்காது. ஒரு ஆனித் தேரன்று நான் மேல வீதியில் ஒரு கிளையண்ட் கடையில் உட்கார்ந்து கணக்கு முடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை நீந்திக் கடந்து அண்ணாமலைநகர் வந்தால், பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பிரவுசிங் சென்டர் பூட்டியிருந்தது. இரண்டு நாட்காட்டியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த நாள் அது. நம்மைப் போல இரண்டிலும் சேராதவர்கள் இடுக்கில் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

2013ஐப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. அண்ணாமலைச் செட்டியார் 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் மாட்டியது. அந்த வருஷம் அரசு ஏற்றுக்கொண்டது. அப்புறம் உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களையும் ஊழியர்களையும் வெளியூர் அரசுக் கல்லூரிகளுக்கும் வேறு துறைகளுக்கும் அனுப்பினார்கள். செய்தித்தாளில் அது ஒரு பத்திச் செய்தி. எங்கள் தெருவில் ஐந்து வீட்டு அப்பாக்கள் வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை பையோடு கிளம்புகிறவர்கள் ஆனார்கள். சிலர் குடும்பத்தோடு போய்விட்டார்கள். பால்காரர் ஒரு கேனைக் குறைத்தார். 'வீடு வாடகைக்கு' அட்டைகள் வெயிலில் வெளுத்துப்போகும்வரை தொங்கின. எனக்கு மட்டும் நான்கு வருஷம் வாடகை ஏறவில்லை. அதில் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைப்பானேன்.

சாப்பாட்டில் குறையே இல்லை. கத்தரிக்காய் கொத்சுவை முதலில் கெட்டியான சாம்பார் என்று நினைத்தேன், வீட்டுக்காரம்மா கோபித்துக்கொண்டார். இட்லிக்கும் சம்பா சாதத்துக்கும் அதை விட்டால் வேறு எதுவும் இப்போது எனக்கு இறங்குவதில்லை. பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து வரும் இறாலும் நண்டும் காலையிலேயே போனால் நன்றாகக் கிடைக்கும். பிச்சாவரம்? விருந்தாளி வந்தால் போவோம். நாங்களாகப் போனதே இல்லை.

கொசு உண்டு, சொல்லி மாளாது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, குடிக்கக் கேன்தான். சென்னைக்குப் பகல் ரயிலாகச் சோழன் இருக்கிறது, பண்டிகை நேரத்தில் டிக்கெட் கிடைத்தால் சரி.

உண்மையான குறை வேறு. இங்கே பழகுகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். மாடி வீட்டில் இருந்த தம்பி பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் ஆராய்ச்சி மாணவர். நான்கு வருஷம் என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பட்டம் வாங்கினார், போனார். ஷட்டில் ஆட வந்தவர்களும் அப்படித்தான். போன வருஷம் போன் மாற்றும்போது பெயர்களைப் பார்த்தேன்: 'மீன் தம்பி', 'அக்ரி தம்பி', 'இசைக் கல்லூரி வயலின்', 'பிசியோ அசாம்'. முழுப் பெயர் கேட்டு எழுதிவைக்கத் தோன்றியதே இல்லை. சிலருடைய எண்ணை இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

குடிவர நினைப்பவர்களுக்கு ஒன்று. ஜூனில் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் வீடு பார்க்காதீர்கள், சொன்னதுதான் வாடகை. கார்த்திகையில் வாருங்கள். அதுவும் பெருமழை விட்டு மூன்றாம் நாள் வாருங்கள். தெருவில் அப்போதும் தண்ணீர் நின்றால் அந்தத் தெரு வேண்டாம். எங்கள் தெருவில் நிற்கும்.