18,000 ரூபா வானும் 1 ரூபா அர்ச்சனையும்

2024 மாசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய் வந்தேன். அம்மாவுக்கு 78 வயது. இரண்டு முழங்காலும் சரியில்லை. கனடாவில், ஸ்காபரோவில், வீட்டுப் படி ஏறுவதற்கே ஒருதரம் யோசிப்பவர். ஆனால் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டார்: "கலியாண வீடு, செத்த வீடு எண்டு அலையாமல் ஒரு நாள் ராசதானியை வடிவாச் சுத்திப் பாக்கோணும் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குப் போற நேரம் தினம் தாண்டிப் போனனான், ஒருநாளும் நிண்டு பாக்கேல்லை."

அவர் சொன்ன ராசதானி நல்லூர். ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகர். 1619 இல் கடைசி அரசன் சங்கிலி குமாரனைப் போர்த்துக்கேயர் பிடிக்கும்வரை யாழ்ப்பாண அரசு அங்கிருந்துதான் நடந்தது. அவனைப் பிறகு கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இன்றைக்கு அது யாழ் நகரத்தோடு ஒட்டிய ஒரு குடியிருப்பு. கடை, பள்ளிக்கூடம், கலியாண மண்டபம், ஒழுங்கைக்கு ஒழுங்கை மதில் வீடுகள். இதற்குள் ராசதானி எங்கே கிடக்கிறது என்று தேடிப் போகிறவர்களுக்கு என்ன வசதி இருக்கிறது, என்ன இல்லை என்பதைத்தான் எழுதுகிறேன். வயதானவர்களைக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் பயணம். அந்த நேரம் கொழும்பிலிருந்து நேர் ரயில் இல்லை. மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் தண்டவாளத் திருத்த வேலை. அதனால் வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினோம். பஸ் நல்ல பஸ், இருக்கையும் சாயும். ஆனால் ஏசியை யாரும் குறைக்க மாட்டார்கள். சால்வை இல்லாமல் போனால் விடியும்போது விறைத்துத்தான் இறங்குவீர்கள். நடுச்சாமத்தில் நிறுத்திய இடத்து மலசலகூடத்துக்கு ஒரு முழ உயரத்தில் படி. அம்மா பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இருந்துவிட்டார். சரி, அதை விடுவோம்.

தங்கியிருந்த விடுதியில், "மரபுரிமைச் சுற்றுலா, முழு நாள், ஏசி வான், விளக்கம் சொல்லும் ஆளோடு 18,000 ரூபா" என்றார்கள். அம்மாவுக்கு வசதியாக இருக்கும் என்று ஓமென்று சொன்னேன். விளக்கம் சொல்லும் ஆள் என்றது வான் ஓட்டி வந்தவரையேதான் என்று ஏறிய பிறகு தெரிந்தது. நேரே கோட்டைக்குக் கொண்டுபோனார்.

கோட்டையைக் குறை சொல்ல மாட்டேன். போர்த்துக்கேயர் தொடங்கியதை 1658 இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்து, பிறகு ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். 1990 முற்றுகையிலும் அதன் பின்னரும் உள்ளே இருந்ததெல்லாம் நொறுங்கிப் போயிற்று, தேவாலயம் உட்பட. மதிலின் பெரும்பகுதியைத் திருத்தியிருக்கிறார்கள். மேலே ஏறினால் பண்ணைக் கடல் முழுக்கத் தெரியும். அம்மா ஏறவில்லை. வாசலுக்குள் ஒரு நிழலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு வான்காரரிடம் கேட்டார்: "தம்பி, இது ராசாவைப் பிடிச்சவன்ர கோட்டையெல்லோ. ராசான்ர எங்க?"

"ராசான்ர ஒண்டும் இல்லை அம்மா. எல்லாம் இடிச்சுப்போட்டாங்கள்."

மந்திரிமனை என்று ஒன்று இருக்கிறதே என்றேன். "அது பாழடைஞ்சு கிடக்கு அக்கா, பாம்பு இருக்கும்." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நூலகத்தை வெளியில் நின்று காட்டினார், நல்லூர்க் கோயிலை ஓடுகிற வானிலிருந்து காட்டினார், நாங்கள் கேட்காத கீரிமலைக்குக் கொண்டுபோனார், மத்தியானம் அவருக்குத் தெரிந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் இறக்கினார். அங்கே ஒரு நண்டுக் கறிக்கு வாங்கிய காசை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பின்னேரம் மூன்றரைக்கு "முழு நாள்" முடிந்துவிட்டது. விடுதியில் முறையிட்டேன். "எல்லா வெளிநாட்டு ஆக்களும் இந்த இடங்களைத்தான் கேக்கிறவை" என்று பதில் வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மனவருத்தம்.

அன்றிரவு மாமியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன்னை வழமையாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் ஓட்டோத் தம்பியைக் கூப்பிட்டுத் தந்தார். அரை நாளுக்குக் காத்து நிற்பதோடு 3,500 ரூபா என்று பேசிக்கொண்டோம்.

விடிய ஆறரைக்குத் தம்பி வந்துவிட்டார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. ஓட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளையார், பக்கத்தில் நோவுக்குப் பூசும் பாம் இருந்த ஒரு பழைய டப்பா. முதலில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில். அங்கே எல்லாம் மணிக்கூட்டுக்கு நடக்கும் என்பது ஊரறிந்த விஷயம். பூசை ஒரு நிமிடம் முந்தாது, பிந்தாது, யார் வந்தாலும் காத்திருக்காது. ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், அதிலும் யாருக்கும் விலக்கு இல்லை. அம்மா அர்ச்சனை செய்யவேண்டும் என்றார். அர்ச்சனைக்கு 1 ரூபா. ஆம், இன்னும் ஒரு ரூபாதான். என்னிடம் இருந்ததெல்லாம் ஆயிரம், ஐயாயிரம் தாள்கள். இந்த நாளில் ஒரு ரூபாக் குற்றியை இலங்கையில் எங்கே போய்த் தேடுவது? நான் பையைக் கிளறிக்கொண்டு நிற்க, தம்பி அந்தப் பழைய டப்பாவைத் திறந்தார். உள்ளே முழுக்க ஒரு ரூபாக் குற்றிகள். "வெளியில இருந்து வாற ஆக்களிட்ட சில்லறை இராது அக்கா. அதுதான் சேத்து வைக்கிறனான்." நான்கு எடுத்துத் தந்தார். முதல் நாள் 18,000 கொடுத்தபோது இப்படி எங்களுக்காக ஒருவர் முன்கூட்டி யோசித்து வைத்திருந்தது ஒன்றுகூட இல்லை.

இப்போதிருக்கும் கோயில் அரசர் காலத்துக் கோயில் இல்லை. அதை 1621 இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா இடித்துவிட்டான். இது 18ஆம் நூற்றாண்டில் மாப்பாண முதலியார் தொடங்கியது. ஆனாலும் கோயிலின் கட்டியத்தில், அதாவது பூசையில் உரத்துச் சொல்லும் வாழ்த்தில், புவனேகபாகு என்ற பெயர் இன்றைக்கும் வருகிறது. 1450 அளவில் தெற்கே கோட்டே இராச்சியத்தின் அரசனுக்காக நல்லூரைப் பிடித்து ஆண்ட செண்பகப்பெருமாள்தான் அவன் என்று வரலாற்றாசிரியர் பலர் சொல்கிறார்கள். படையெடுத்து வந்தவன் பெயரைச் சொல்லித்தான் எங்கள் ஊர் நல்லூரானைக் கும்பிடுகிறது. இதைச் சொல்ல அங்கே ஒரு பலகையும் நான் காணவில்லை.

பழைய கோயில் இருந்த இடம் முத்திரைச் சந்திப் பக்கம், இப்போது சென் ஜேம்ஸ் தேவாலயம் நிற்கும் இடம் என்பார்கள். சந்தியில் சங்கிலியன் சிலையாகக் குதிரைமேல் வாளோடு நிற்கிறார். படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். அங்கிருந்து ஒழுங்கைக்குள் இறங்கினால் யமுனா ஏரி. ஏரி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், கல் கட்டிய 'ப' வடிவக் கேணி அது. சிங்கை ஆரிய அரசன் ஒருவன் யமுனை நதித் தண்ணீரைக் காவடியில் கொண்டுவந்து இதில் விட்டான் என்று கதை. நாங்கள் போன அன்று தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. ஒரு கொக்கு ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றது. கைபிடி இல்லை, இருக்க ஒரு வாங்கு இல்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று பார்த்தார். ராசா காலத்தது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியதாக மிஞ்சியிருப்பது அநேகமாக இது ஒன்றுதான்.

ஏனென்றால் மற்ற இரண்டு சின்னங்களிலும் சந்தேகம் இருக்கிறது. பருத்தித்துறை வீதியில் சங்கிலித்தோப்பு வாசல் வளைவு தனியாக நிற்கிறது. அதைக் கடந்து உள்ளே போக அரண்மனை இல்லை, தென்னையும் வளவும்தான். வளைவின் கட்டுமானத்தில் ஒல்லாந்தர் காலத்துச் சாயல் இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. கொஞ்சம் தள்ளி மந்திரிமனை, அதற்கும் இதே கதை. இந்தக் கட்டடம் பிற்காலத்தது, ராசாவின் மந்திரி இருந்த மனையின் இடம் என்ற நினைவு மட்டும் பழையதாக இருக்கலாம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இருந்தாலென்ன, பேர் ஆற்ற பேர்?" என்றார்.

வளைவுக்கு முன்னால் நாங்கள் வெயிலில் நிற்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து வேம்பு நிழலில் போட்டார். "இருங்கோ. எவ்வளவு தூரத்தில இருந்து வாறியள்?" பிறகு பிளேன்ரீ, பனங்கட்டித் துண்டு. அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதும் வீட்டு மலசலகூடத்துக்குக் கூட்டிப்போனார். கதிரைபோல் உட்காரக்கூடிய கொமேட், சுத்தமாக. நான் இதை விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நல்லூர் ராசதானிச் சின்னங்கள் எதிலும் பார்க்க வருகிற ஒரு பெண் ஒதுங்க இடம் இருந்ததாக நான் காணவில்லை. எல்லாருக்கும் அந்த அம்மாவின் படலை திறக்கும் என்று நம்பிப் போக முடியாது. கோயிலிலேயே முடித்துக்கொண்டு புறப்படுங்கள்.

மந்திரிமனைக்குள் பாம்பு இருக்கவில்லை. வவ்வால் மணம் இருந்தது. முகப்பு அப்போது அழகாகத்தான் இருந்தது, மரச் செதுக்கு வேலையில் ஒவ்வொரு இதழும் தெரிந்தது. கூரை விழாமல் முட்டுக்கொடுத்திருந்தார்கள். சுவர் முழுக்க ஆணியால் கிறுக்கிய பெயர்கள், இதயம், அம்பு. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். 1998 என்று ஒன்று. "இதுகள் கலியாணம் கட்டியிருக்குங்களோ?" என்று கேட்டார். தம்பி, "ஒண்டு கனடாவில இருக்கும் அம்மா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் அன்றைய நாளின் முக்கியமான வேலை நடந்தது, அதுவும் திட்டமிடாமல். இனி வீட்டுக்குப் போவோமா என்று தம்பி கேட்டபோது அம்மா சொன்னார், "வெயிலுகந்த பிள்ளையாரடிக்கு விடு தம்பி. கிழக்கு எல்லை அதுதானே." எனக்குத் திடுக்கென்றது. நல்லூரைக் கட்டிய அரசன் நகரத்துக்குக் காவலாக நாலு திசையிலும் கோயில் வைத்தான் என்று யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், தெற்கே கைலாசநாதர், வடக்கே சட்டநாதர். போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தவைதான். ஆனால் சனம் மறக்காமல் திரும்பக் கட்டியது. இன்றைக்கும் நாலும் இருக்கின்றன. இந்த நாலையும் சுற்றி வந்தால் பழைய நகரத்தின் எல்லையைச் சுற்றிய மாதிரி. நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அம்மாவுக்கு அது அம்மம்மா சொன்ன கதை. அதைச் சுற்றுலாவாகச் செய்யலாம் என்று எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

வெயிலுகந்தாரிடம் நடை சாத்தியிருந்தது. வெளி வீதியில் நின்று கும்பிட்டோம். கைலாசநாதரிடம் ஐயர் மட்டும் இருந்தார், திருநீறு தந்தார். வீரமாகாளி அம்மன் கோயிலில் அரசர்கள் போருக்குப் போகும் முன் வாளை வைத்து வணங்குவார்கள் என்ற கதையை அம்மா தம்பிக்குச் சொன்னார். தம்பி நல்லூரில் பிறந்து வளர்ந்தவர், ஆனால் இந்த நாலு எல்லைக் கதை அவருக்குத் தெரியாது. ஓட்டோவை நிறுத்திவிட்டுக் கைபேசியில் குறித்துக்கொண்டார். "இதை நான் ஒரு ரூட்டாப் போடலாம் போல கிடக்கு" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. விடிய ஆறரைக்குத் தொடங்கினால் பத்தரைக்குள் முடிக்கலாம், அதற்குப் பிறகு வெயில் விடாது. கோயில்களின் நடை சாத்தும் நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்கவில்லை. காசை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி, இலகுவாகக் கழற்றக்கூடிய செருப்பு. கோட்டையைப் பின்னேரத்துக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது வேறு கதை, வேறு நாள்.

சட்டநாதர் கோயிலுக்கு நாங்கள் போகவில்லை. மூன்றாவது கோயிலோடு அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. ஓட்டோவிலிருந்து இறங்கும்போது தம்பி மூன்று ஒரு ரூபாக் குற்றிகளை அம்மாவின் கையில் வைத்து, "மிச்சத்துக்கு வாங்கோ" என்றார். மூன்றும் இப்போது ஸ்காபரோவில் சாமித் தட்டில் இருக்கின்றன. பிசியோதெரபிக்குப் போவதற்கு முன் அம்மா தினமும் அவற்றைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்.