"மூன்று மாதத்தில் பேச வைப்போம்" என்ற நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டும் முன் இதை வாசியுங்கள்

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் இருக்கிற அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஓட்டிசமாக (மற்றவர்களோடு பேசிப் பழகுவது வித்தியாசமாக இருக்கிற வளர்ச்சி நிலை) இருக்குமோ, ஆஸ்பத்திரியில் கொடுத்த திகதிக்கு இன்னும் பல மாதம் கிடக்கிறது என்று தவிக்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தத் தவிப்பைத் தேடிப் பிடித்துக் காசு பறிக்கிற ஆட்கள் நம்ம டவுன்களில் இருக்கிறார்கள். எங்களிடமும் பறித்தார்கள். காசோடு போயிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். பிள்ளையையும் நோகடித்து அனுப்பினார்கள்.

எங்கள் மகனிடம் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று முதலில் கவனித்தவர் தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ். அப்போது அவனுக்கு இரண்டரை வயது. கிளினிக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, "விரலை நீட்டிக் காட்டுறானா? டாட்டா காட்டுறானா? ஏதாவது வேணும்னா உங்க கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறானா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாகக் கேட்டது மட்டும்தான் அவனிடம் இருந்தது. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே முதலில் காதைப் பரிசோதிக்கக் கடிதம் கொடுத்தார்கள், அப்புறம் சிறுவர் கிளினிக்குக்குக் கடிதம். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது. அதனால்தான் காதை முதலில் பார்க்கிறார்கள். நீங்களும் அந்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காமல் செய்துவிடுங்கள். மகனுக்குக் காதில் குறை எதுவும் இல்லை. கிளினிக் திகதிதான் தூரத்தில் இருந்தது.

அந்த இடைவெளியில்தான் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. "ஓட்டிசமா? பேச்சு வரவில்லையா? மூன்று மாதத்தில் பேச வைப்போம். உத்தரவாதம்." கீழே ஒரு வட்ஸ்அப் இலக்கம். மெசேஜ் போட்டதும் உடனே குரல் பதிவு வந்தது. "தங்கச்சி, அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில நின்னா பிள்ளைக்கு அஞ்சு வயசு தாண்டிரும். அஞ்சு வயசோட மூளை மூடிரும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது." எத்தனை பேரிடம் சொல்லிப் பழகிய வாய் அது என்று பிறகுதான் தெரிந்தது. எங்களோடு பேசிய மற்றப் பெற்றோர் எல்லோருக்கும் இதே வசனம்தான் வந்திருக்கிறது. சின்ன வயதிலேயே உதவி கிடைப்பது நல்லது என்பது உண்மை. ஐந்து வயதோடு மூளை மூடிக்கொள்ளும் என்பது பச்சைப் பொய். பிள்ளைகள் அதற்குப் பிறகும் கற்றுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

கடைக்கு மேல்மாடியில் அந்த இடம். வெள்ளைக் கோட் போட்ட ஆளை எல்லோரும் டொக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மகனின் தலையில் வயர் பூட்டிய தொப்பி ஒன்றை மாட்டி, கம்பியூட்டரில் சிவப்பும் பச்சையுமாக ஒரு படம் காட்டி, "இந்தச் சிவப்புதான் ஓட்டிசம்" என்றார்கள். தலைமுடியில் கொஞ்சம் வெட்டி எடுத்து, உடம்பில் பாதரசம் ஏறியிருக்கிறது என்றார்கள். இருபது கேள்வி உள்ள ஒரு தாளை எங்களிடம் நிரப்பச் சொல்லி, அதைப் பார்த்து ஓட்டிசம் என்று சீல் குத்திய சான்றிதழும் தந்தார்கள்.

இவற்றுக்கு என்ன மதிப்பு என்று பிறகு அரசாங்க கிளினிக் டொக்டர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். ஓட்டிசத்தைக் காட்டித் தருகிற இரத்தப் பரிசோதனையோ, ஸ்கேனோ, முடிப் பரிசோதனையோ கிடையாது. பிள்ளை எப்படி விளையாடுகிறது, எப்படிப் பார்க்கிறது, எப்படிக் கேட்கிறது என்று பழகிய கண்ணோடு பார்த்து, பிறந்ததிலிருந்து நடந்ததைப் பெற்றோரிடம் கேட்டுத்தான் முடிவுக்கு வருகிறார்கள். வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சில பரிசோதனைகள் எழுதுவார்கள், அது வேறு விஷயம். இருபது கேள்வித் தாளும் பொய்யான தாள் இல்லை. எம்-சாட் என்பது அதன் பெயர். 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்காக உருவாக்கியது, உலகம் முழுக்கப் பயன்படுவது. ஆனால் இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டிய பிள்ளை யார் என்று சலித்தெடுக்கத்தான் அது உதவும். அதை மட்டும் வைத்து ஓட்டிசம் என்று யாரும் முடிவு சொல்ல முடியாது. அதை நிரப்பக் காசு வாங்குவது அநியாயம்.

மொத்தமாக 85,000 ரூபாய் கேட்டார்கள், முன்பணமாகவே. 2024 செப்டம்பரில் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே, அந்தக் கணக்கில் பார்த்தால்கூட ஏறக்குறைய 63 பேர், அதாவது 63 நாள் சம்பளம். கொழுந்துக் கூடையோடு மழையில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் அதன் அர்த்தம் தெரியும். என் தோடு அடகுக்குப் போனது, அப்பாயி தன் சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்தார்.

வகுப்பு என்று சொல்லி மகனை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். பெற்றோர் உள்ளே இருந்தால் பிள்ளை ஒத்துழைக்காதாம். கீழே கடை வாசலில் நின்றால் அவன் அழுவது கேட்கும். ஒருநாள் வீட்டில் உடுப்பு மாற்றும்போது தொடையில் குறுக்கே சிவந்த கோடு ஒன்று கிடந்தது, பெல்ட் அகலத்துக்கு. கேட்டதற்கு, "கதிரையில உக்காரப் பழக்குறோம், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அதன் பிறகு அவன் அந்த டவுனில் எந்தப் படிக்கட்டைக் கண்டாலும் காதைப் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவான். மகனின் அப்பாதான் அன்றைக்கே முடிவெடுத்தார், இனி அங்கே போவதில்லை என்று.

வீட்டுக்கு அவர்கள் சொல்லி அனுப்பிய மூன்று விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அதையே சொல்வார்கள்.

ஒன்று, பாதரசத்தை இறக்கும் என்று கொடுத்த சொட்டு மருந்து. போத்தலில் பெயரும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இல்லை. உடம்பிலிருந்து உலோகத்தை இறக்குவது என்பது உண்மையில் ஈய நஞ்சு ஏறியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் செய்கிற வைத்தியம். அதால் ஓட்டிசம் குணமாகாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2005இல் ஓட்டிசம் உள்ள 5 வயதுப் பையன் ஒருவனுக்கு இப்படி உலோகம் இறக்கப்போய், இரத்தத்தில் கல்சியம் குறைந்து இறந்தே போனான். ஓட்டிசத்துக்கு என்று குளோரின் டையொக்சைட் கரைசலைக் குடிக்கக் கொடுக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். துணி வெளுக்கிற பிளீச் வகை அது. லேபல் இல்லாத எதையும் பிள்ளையின் வாயில் விடாதீர்கள். கொடுத்திருந்தால் போத்தலோடு டொக்டரிடம் போங்கள்.

இரண்டாவது, மூன்று வயதுத் தடுப்பூசியைப் போட வேண்டாம் என்றார்கள். நம் நாட்டில் எம்.எம்.ஆர். ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறார்கள். அந்த ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு என்ற கதை, அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரித்தானிய மருத்துவர் 1998இல் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வருடம் அவருடைய வைத்தியப் பதிவையும் ரத்துச் செய்தார்கள். பெரிய ஆய்வுகள் எதிலும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. 2023இல் நம் நாட்டில் சின்னமுத்து மறுபடி பரவியதை மறந்துவிடாதீர்கள். மகனுக்கு ஊசி போட்டாயிற்று.

மூன்றாவதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வீட்டில் தமிழ் பேசாதீர்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு பாஷை பிள்ளையைக் குழப்பும் என்றார்கள். அப்பாயிக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. பேரனோடு வாய் ஓயாமல் கதைக்கிற மனுஷி, பிள்ளைக்குக் கெடுதல் ஆகிவிடும் என்று பயந்து, பக்கத்தில் உட்கார்ந்து சும்மா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கெடுதல் வருவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் உள்ளவர்களுக்கு எந்த மொழியில் பாசமாக, சரளமாகப் பேச வருமோ அதில் பேசுங்கள் என்று அரசாங்க ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சி மிஸ் சொன்ன அன்றைக்கு அப்பாயி அழுதுவிட்டார்.

அந்தப் பேச்சுப் பயிற்சி மிஸ்ஸிடம் நாங்கள் போனது ஓட்டிசம் என்று யாரும் உறுதி செய்வதற்கு முன்னாலேயே. இது பலருக்குத் தெரிவதில்லை. திகதி வரும் வரை எதுவும் செய்ய முடியாது என்று நினைக்க வைத்துத்தான் இவர்கள் வியாபாரம் செய்கிறார்கள். பேச்சு தாமதம் என்ற ஒன்றே போதும், பயிற்சிக்குக் கடிதம் கேட்கலாம். செலவு பஸ் காசு மட்டும்தான்.

அங்கே அவர் எங்களைத்தான் முதலில் தரையில் உட்காரச் சொன்னார். மகன் பால்மா டின் மூடியைச் சுழற்றுவான், அதிலேயே கிடப்பான். அதைப் பிடுங்க வேண்டாம், நீங்களும் ஒரு மூடியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சுழற்றுங்கள் என்றார். அவன் செய்வதைச் செய்வது, "சுத்து" என்று ஒரே சொல்லைச் சொல்வது, அப்புறம் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் காத்திருப்பது. அந்தக் காத்திருப்புதான் கஷ்டம். நமக்கு வாய் சும்மா இருக்காது. வீட்டில் விடாமல் செய்தோம். ஒருநாள் மூடி நின்றதும் அவன் என் கையைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். சொல் வரவில்லை. ஆனால் அந்தப் பார்வை என்னிடம் ஏதோ கேட்டது.

மற்றதெல்லாம் அன்றாட வேலையோடு சேர்ந்ததுதான். பாலா, தண்ணியா என்று இரண்டையும் கண்முன்னே நீட்டி அவனே காட்டும் வரை பொறுப்பது. அவனுடைய கோப்பை, செருப்பு, பஸ், படுக்கை இவற்றைப் போனில் படம் எடுத்து, டவுனில் கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் போட்டு மட்டையில் ஒட்டி, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று காட்டுவது. இதனால் வெளிக்கிடும்போது வருகிற அழுகை நன்றாகக் குறைந்தது. தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தமும் கோயில் தப்பு மேளச் சத்தமும் அவனால் தாங்க முடியாது. அந்த நேரத்தில் அதட்டாமல் உள் காம்பராவுக்குக் கூட்டிப்போய்ப் போர்வைக்குள் வைத்துக்கொள்வோம். சத்தம் காட்டாமல் வெளியே ஓடிவிடுகிற பிள்ளை என்றால் கதவுக்கு மேல்பக்கம் ஒரு கொண்டி போடுங்கள், அக்கம்பக்கத்து லயத்துக்கும் சொல்லி வையுங்கள். நம்ம இடங்களில் கானும் ஆறும் பள்ளமும் எப்போதும் பக்கத்தில்தான்.

கிளினிக் நாளுக்காகப் போனில் சின்னச் சின்ன வீடியோ எடுத்து வையுங்கள். கூப்பிட்டால் என்ன செய்கிறான், எப்படி விளையாடுகிறான், கோபம் வந்தால் எப்படி என்று. புது இடத்தில் பிள்ளை வேறு மாதிரி இருக்கும், அப்போது வீடியோதான் பேசும். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூடவே கூட்டிப்போங்கள், எங்களுக்கு அண்ணன் வந்தார். ஏற்கனவே பேசிய சொற்களைப் பிள்ளை இழந்தாலோ, வலிப்பு வந்தாலோ திகதி வரும் வரை காத்திருக்காமல் உடனே டொக்டரிடம் காட்டுங்கள். திகதியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். எங்களையும் அதை ரத்துச் செய்யச் சொன்னார்கள், நாங்கள் செய்யவில்லை. பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை, கொழும்பில் லேடி ரிட்ஜ்வே, ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயட்டி நிலையம் எல்லாம் இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்று கடிதம் எழுதும் டொக்டரிடமே கேளுங்கள்.

தனியாரிடமே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்லவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் டொக்டர்கள் மட்டுமல்ல, பேச்சுப் பயிற்சியாளர்களும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும்கூட இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். முறையாகப் படித்தவர் முகம் சுளிக்காமல் சொல்வார், உங்களை உள்ளே உட்கார வைத்துக் கற்றும் தருவார். எங்களை ஏமாற்றிய ஆளிடம் கேட்டபோது, "நான் இந்தியாவில் படித்தவன், இங்கே பதிவு தேவையில்லை" என்றார். அதுவும் பொய்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பற்றுச்சீட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அதில் எங்கேயும் சிகிச்சை என்றோ வகுப்பு என்றோ இல்லை. "நன்கொடை" என்று எழுதிக் கையொப்பம் வாங்கியிருந்தார்கள். இருந்தும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். தொடையில் இருந்த காயத்தைப் படம் எடுத்து வைத்திருந்ததால், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கும் சொல்லியிருக்கிறோம். இரண்டிலும் தமிழில் பேசக் கேளுங்கள். விசாரணை நடக்கிறது, காசு இன்னும் வரவில்லை.

அந்த மேல்மாடி இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஆனால் அதே ஆளின் படத்தோடு, வேறு பெயரில், பண்டாரவளைப் பக்கம் "இலவச மூளைப் பரிசோதனை முகாம்" என்று ஒரு நோட்டீஸ் இப்போது வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் இதை அனுப்பிவிடுங்கள். இவர்களிடம் காசு கட்டியவர்கள் யாராவது இருந்தால் பற்றுச்சீட்டைக் கிழிக்காமல், சொட்டு மருந்துப் போத்தலை எறியாமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். முறைப்பாட்டில் உங்கள் பெயரையும் சேர்க்கலாம்.