பாஸ்போ ஏசிசி ஆன்டிபாடி: பாலிகுளோனலா, மோனோகுளோனலா?

கொழுப்பு அமிலத் தயாரிப்பின் முதல் படியை நடத்தும் நொதி அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ், சுருக்கமாக ஏசிசி. செல்லில் ஆற்றல் குறைந்தால், ஏஎம்பிகே என்ற இன்னொரு நொதி அதன் 79-வது இடத்திலுள்ள செரின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றி அடக்கிவிடும். அப்படிப் பாஸ்பேட் ஏறியதுதான் பாஸ்போ ஏசிசி. அதை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியில் பல ஆன்டிபாடிகளின் கலவையான பாலிகுளோனல், ஒரே ஆன்டிபாடியான மோனோகுளோனல் என இரண்டு வகையும் மதுரையில் எங்கள் லேபில் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, வேண்டியதை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) ஓட்டிப் பார்த்தாயிற்று.

முயல் பாலிகுளோனல் முதலில் பளிச்சென்று பட்டை காட்டியது. வில்லங்கம் அடுத்த லாட்டில், அதாவது அடுத்த தயாரிப்புத் தொகுதியில். வேறு முயல், வேறு சீரம். ஆயிரம் மடங்கு நீர்த்தும் (1:1000) அழகாக வந்த பட்டை மங்கி, கீழே வேண்டாத இரண்டு கோடுகள். காரணம் பிடிபடவே மூன்று வாரம் போனது. ரீகாம்பினன்ட் மோனோகுளோனலில், அதாவது ஆன்டிபாடியின் மரபணுவைச் செல்லில் புகுத்தித் தயாரிப்பதில், மரபணு வரிசை நிலையானது. லாட் மாறினாலும் பெரிதாக மாறாது. விலை கையைக் கடிக்கும். ஆனாலும் பிஎச்டி முழுக்க ஒரே அளவீடு வேண்டுமென்றால் அதைத்தான் வாங்குவேன். ஓரிரு பிளாட்டுக்குப் பாலிகுளோனலே போதும்.

எதை வாங்கினாலும் சில தொல்லைகள் பொது. ஏசிசியில் இரண்டு வடிவங்கள் உண்டு: ஏசிசி1 எடை சுமார் 265 கிலோடால்ட்டன், ஏசிசி2 சுமார் 280. பல ஆன்டிபாடிகள் இரண்டையும் பிடிக்கும். தசை மாதிரியில் தெரிவது பெரும்பாலும் இரண்டாவதுதான். பிளாக்கிங்குக்கு (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்க) பால்பவுடர் வேண்டாம், அதிலுள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம்; மாட்டு சீரம் புரதமான பிஎஸ்ஏ போடுங்கள். பாஸ்பேட்டை நீக்கும் நொதியான லாம்டா பாஸ்பட்டேஸ் போட்ட மாதிரியில் பட்டை மறைகிறதா என்று பார்க்காமல் எந்தக் குப்பியையும் நம்பாதீர்கள்.

அப்புறம் நம்மூர் மே மாத வெயில். குளிரிலேயே வர வேண்டிய ஆன்டிபாடி பார்சல் வாட்ச்மேன் அறையில் மதியம்வரை கிடந்தால், ஐஸ்பேக் வெந்நீராகிவிடும்.