குதிரைப்படை வாள்: அசலும் நகலும்
1796 மாடல் பிரிட்டிஷ் இலகு குதிரைப்படை வாளை எடுத்துக்கொள்வோம். கண்ணை நம்புவதைவிட தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பரை நம்பலாம். அசலில் அலகின் முதுகு (கூரில்லாத பக்கம்) பிடியருகே சுமார் 8 மி.மீ. தடிமன், நுனிப்பக்கம் 2 மி.மீ. அளவுக்கு மெலியும். மலிவு நகல் ஒரே தகட்டில் வெட்டியது. பிடியருகே 5 மி.மீ. என்றால் கடைசிவரை கிட்டத்தட்ட அதேதான். வீசினால் கடப்பாரைபோல் கனக்கும்.

பிடியின் உச்சியில், அசலில் பிடிக்குள் ஊடுருவி வரும் அலகின் வால்முனையைச் சுத்தியலால் அடித்துப் பரப்பியிருப்பார்கள். நகலில் பெரும்பாலும் திருகி முடுக்கிய நட்டுதான். பிற்காலப் படைவாள்கள் சிலவற்றிலும் திருகு உண்டு என்பதால், இதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

பழைய துரு கரும்பழுப்பாக, அங்கங்கே குழிவிழுந்திருக்கும். நகலைப் பழசாகக் காட்ட அமிலம் பூசி வரவழைத்த துரு எங்கும் ஒரே ஆரஞ்சு. சோதிக்கிறேன் என்று மணல்தாள் போடாதீர்கள். அசலாக இருந்தால் விலை பாதியாகும்.