ஜெனரேட்டரா, பேட்டரியா? திறந்தவெளி அச்சுக் கடைக்கான மின்சாரம்

சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரையோரத்திலோ தீவுத்திடலிலோ, பெயர் அச்சிட்ட கோப்பையும் டி-ஷர்ட்டும் விற்கக் கடை போடுபவர், மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

டி-ஷர்ட்டுக்கான ஹீட் பிரஸ், அதாவது சூட்டோடு அழுத்தி அச்சைப் பதிக்கும் இயந்திரம், பொதுவாக 1,400 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். நாள் முழுதும் அதை ஓட்டப் பெட்ரோல் ஜெனரேட்டர்தான் தாங்கும். ஆனால் அதன் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு கலந்திருப்பதால், மழைக்குப் பயந்து மூன்று பக்கமும் தார்ப்பாய் இறக்கிய கடைக்குள்ளோ, பக்கத்துக் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னாலோ அதை வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். எஞ்சின் சூடாக இருக்கையில் பெட்ரோல் ஊற்றவே கூடாது. அது ஆறும்வரை வியாபாரம் நின்றாலும் பரவாயில்லை.

பேட்டரியில் புகையும் இரைச்சலும் இல்லை. கோப்பைக்கான சிறு பிரஸ் சுமார் 350 வாட்தான் எடுக்கும் என்பதால், 2 கிலோவாட்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி ஒரு மாலைக்குத் தாராளமாகப் போதும். பெரிய பிரஸ்ஸை மாட்டினால் விரைவில் தீர்ந்துவிடும். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் மட்டும் பேட்டரியை விட்டுச் செல்லக் கூடாது.

கோப்பை மட்டும் அச்சிடுபவருக்குப் பேட்டரியையே உறுதியாகப் பரிந்துரைப்பேன். ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுப்பவர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) பொருத்திவிட்டோம் என்று நிம்மதியடையாமல், ஜெனரேட்டரின் நியூட்ரல் முறையாக எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டறிய வேண்டும். அந்த இணைப்பு இல்லையென்றால், மின்கசிவு ஏற்பட்டாலும் ஆர்சிசிபி மின்சாரத்தைத் துண்டிக்காமல் போகலாம். ஐப்பசி மழைக்காலத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஈர மணலில் போடாமல் மேசை உயரத்தில் கட்டி வைப்பது இரண்டுக்கும் பொருந்தும்.